செய்வினை வைத்த எட்டாம் வகுப்பு

ஆணையிட்டுச் சொல்கிறேன்: கீழே வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் ஆணை. ஒரு சொல் பொய்யென்றாலும் அவை இன்றைக்கே உதிரட்டும். ஏற்கெனவே உதிர்ந்தவை வேறு காரணங்களுக்காக உதிர்ந்தவை. அவற்றை இதில் சேர்க்க வேண்டாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் மணியடிப்பது என் வேலை. மணி என்றால் ஒரு தண்டவாளத் துண்டு. எட்டாம் வகுப்பு வாசலுக்கு எதிரே சங்கிலியில் தொங்கும். அதன் கீழே என் ஸ்டூல், மடியில் சுத்தியல். நான் ஓங்கி ஒன்று போட்டால் 'டணால்' என்று ஊர் முழுக்கக் கேட்கும். அதனால் பிள்ளைகளுக்கு நான் டணால் தாத்தா. அந்த அதிர்ச்சியில் எதிர்த்தெரு மாடியில் காயப்போட்ட ஈரத்துணி உலர்ந்து மடிந்து அடுக்காகிவிடும். சந்தேகம் இருப்பவர்கள் எதிர்த்தெருவில் விசாரித்துக்கொள்ளலாம்.

என் ஸ்டூலில் உட்கார்ந்தால் எட்டாம் வகுப்பும் தெரியும், பின்வாசலும் தெரியும். பின்வாசலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கட்டணம் கட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு முன்வாசல்: வளைவு, பூந்தொட்டி, வணக்கம் வைக்கும் காவலாளி, கண்ணாடித் தொட்டியில் தங்கமீன். சட்டத்துக்குப் பயந்து இலவச இடத்தில் சேர்த்துக்கொண்ட பிள்ளைகளுக்குப் பின்வாசல்: ஜெனரேட்டர் அறைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே ஒரு தகரக் கதவு. அதன்மேல் ஒரு பலகை:

'முதல் மணி அடிக்கப்பட்டதும் இவ்வாசல் பூட்டப்படும். தாமதமாக வருவோர் அனுமதிக்கப்பட மாட்டார்கள்.'

முன்வாசலில் இப்படிப் பலகை ஏதும் கிடையாது. அங்கே யாரும் தாமதமாக வருவதில்லை. அங்கே நடப்பதற்குப் பெயர் போக்குவரத்து நெரிசல்.

பின்வாசல் பிள்ளைகள் வரும் பேருந்துக்கும் என் மணிக்கும் ஏதோ பூர்வஜென்மப் பகை. நான் சுத்தியலை ஓங்கும்போதுதான் அது முனையில் திரும்பும். பிள்ளைகள் ஓடி வருவார்கள், கதவு சாத்தியிருக்கும். முதல் பாடவேளை முழுக்கக் குப்பைத் தொட்டியோடு நிற்பார்கள்.

பள்ளிக்கூடத்தை நடத்துபவருக்குத் தாளாளர் என்று பெயர். தாழ்ப்பாளை ஆள்கிறவர் என்பதால்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். நினைத்ததில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. 'நான்' என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. 'முடிவு எடுக்கப்பட்டது', 'பரிசீலிக்கப்படும்', 'வருத்தம் தெரிவிக்கப்படுகிறது' என்றுதான் பேசுவார். தலை வலித்தால்கூட, "தலைவலி உணரப்படுகிறது" என்று சொல்லித்தான் மாத்திரை கேட்பார்.

இப்படி எல்லாமே தானாக நடந்துகொண்டிருந்த பள்ளிக்கூடத்துக்குக் கதை டீச்சர் வந்து சேர்ந்தார்.

அவரை வரவழைத்ததே தாளாளர்தான். பள்ளிகளுக்கு இடையிலான கதைப் போட்டிக்கு எங்கள் பிள்ளைகள் எல்லோரும் 'நான் ஒரு குடை பேசுகிறேன்' என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். எல்லாக் குடையும் ஒரே கடையில் வாங்கப்பட்டு, ஒரே மழையில் நனைந்து, கடைசிப் பத்தியில் ஒரே இடத்தில் கிழிந்தது. நடுவர்கள் சிரித்த சிரிப்பு தாளாளர் காதுக்கு எட்டிவிட்டது. உடனே கதை எழுதச் சொல்லித்தர ஓர் ஆள் 'நியமிக்கப்பட்டார்'.

டீச்சர் ஒல்லி. குரல் மட்டும் என் தண்டவாளத்துக்குச் சரியாக இருக்கும். முதல் நாளே கரும்பலகையில் எழுதினார்: உரிமை, பாகுபாடு, ஒடுக்குமுறை, சமத்துவம், நீதி.

"இந்தச் சொல்லையெல்லாம் வச்சு ஆளுக்கொரு கதை எழுதணும். ஆனா ஒரு நிபந்தனை. கதைக்குள்ள இதுல ஒரு சொல்கூட வரக் கூடாது."

"வராம எப்படி டீச்சர் எழுதுறது?"

"பசின்னு எழுதாம பசியைக் காட்ட முடியாதா? ஒருத்தன் அடுத்தவன் டப்பாவையே பார்த்துட்டிருந்தா போதாதா? முதல்ல அர்த்தம் தெரியுதான்னு பார்ப்போம். ஒடுக்குமுறைன்னா என்ன?"

டிங்கர் கையைத் தூக்கினான். அவன் அப்பா வண்டிகளில் விழும் ஒடுக்குகளைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை வைத்திருந்தார். அதனால் அவனுக்கு அந்தப் பெயர்.

"எங்கப்பா செய்யறதுதான் டீச்சர். கார்ல ஒடுக்கு விழுந்தா அதை எடுக்குற முறை."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை.

"சரி, வண்டியைக் கொண்டு வர்றவங்க உங்கப்பாகிட்ட என்ன சொல்வாங்க?"

"'ஒடுக்கு விழுந்துடுச்சு'ம்பாங்க."

"'நான் கொண்டுபோய் இடிச்சுட்டேன்'னு?"

"சொல்லவே மாட்டாங்க டீச்சர். எங்க கடைக்கு வர்ற எல்லா ஒடுக்கும் தானா விழுந்ததுதான்."

"அவ்வளவுதான் பாடம்," என்றார் டீச்சர். "உலகத்துல எல்லாரும் ஒடுக்கு தானா விழுந்துச்சுன்னுதான் சொல்வாங்க. 'வீடு இடிக்கப்பட்டது', 'சம்பளம் குறைக்கப்பட்டது'. எல்லாம் செயப்பாட்டுவினை. செஞ்சவனை வாக்கியத்துக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திடும். கதை எழுதறவங்க அந்தக் கதவைத் தட்டணும். யாருன்னு கேக்கணும். ஒவ்வொரு வாக்கியத்தையும் செய்வினையில எழுதுங்க."

அந்தச் சொல்லைக் கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் ஊரையே புரட்டிப்போட்டது அதுதான்.

எட்டாம் வகுப்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போகிற இடமெல்லாம் 'யார்?' என்று கேட்டார்கள். "கண்ணாடி உடைஞ்சுபோச்சு" என்று சொன்ன அப்பாக்கள் மாட்டிக்கொண்டார்கள். 'விலை உயர்த்தப்பட்டுள்ளது' என்று பலகை வைத்திருந்த மளிகைக் கடைக்காரர் கேள்வி தாங்காமல் பழைய விலைக்கே விற்றார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி' என்று இருந்ததைப் பார்த்து, எந்தப் பெரியோர் என்று விசாரிக்கக் கிளம்பினார்கள். மாமா சித்தப்பாவைக் காட்ட, சித்தப்பா பெரியப்பாவைக் காட்ட, பெரியப்பா, "எனக்கே பத்திரிகை பார்த்துத்தான் தெரியும்" என்றார். கடைசியில் பெண்ணும் பையனும் முன்னால் வந்து, "நாங்களேதான் நிச்சயிச்சோம்" என்று ஒப்புக்கொண்டார்கள். ஊர் செய்தித்தாள், செய்தவர் பெயர் இல்லாத வாக்கியங்களை எல்லாம் நீக்கியபின், ஒரு வாரம் வெறும் வெள்ளைத்தாளாக வந்தது. வடை மடிக்க நன்றாக இருந்தது.

இந்தக் கூட்டத்தில் ஒரு பெண் பிள்ளை. பின்வாசல் பிள்ளை. முற்றுப்புள்ளியே வைக்க மாட்டாள். எதை எழுதினாலும் கால்புள்ளி போட்டுக்கொண்டே போவாள். கேட்டால், "இன்னும் முடியலையே டீச்சர், எப்படிப் புள்ளி வைக்கிறது?" என்பாள். எல்லோரும் அவளைக் கமா என்றுதான் கூப்பிட்டார்கள்.

கமா தகரக் கதவைப் பற்றிக் கதை எழுதினாள். பேருந்து வருகிறது, இறங்கி ஓடுகிறாள், செருப்பு அறுகிறது, கையில் எடுத்துக்கொண்டு ஓடுகிறாள், கதவு பூட்டப்படுகிறது. அந்த இடத்தில் டீச்சர் சிவப்பு மையில் ஒரே சொல் எழுதியிருந்தார்: 'யார்?'

கமா விசாரிக்கக் கிளம்பினாள். முதலில் காவலாளி.

"நீங்கதானே மாமா பூட்டுறீங்க?"

"என் கைதாம்மா பூட்டுது. நான் எங்க பூட்டுறேன்? ஆபீஸ்ல கேளு."

அலுவலகத்தில் எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது விதி, பாப்பா."

"எந்த விதி சார்? பள்ளிக்கூட விதியா, தலைவிதியா?"

"ரெண்டும் ஒண்ணுதான். போ, போ."

"ஒண்ணு இல்ல சார். பள்ளிக்கூட விதின்னா யாராவது எழுதியிருக்கணும்."

எழுத்தர் வாய் திறக்காமல் மேஜை ஓரத்துப் பேனாவால் தாளாளர் அறையைக் காட்டினார். அந்தப் பேனாவைக்கூட அவர் காட்டவில்லை, அது தானாகத் திரும்பியது என்று பின்னால் சொன்னார்.

கமா எழுதிவிட்டாள்: 'தாளாளர் பின்வாசலைப் பூட்டுகிறார்,'

அந்த ஆண்டுப் போட்டிக்குப் போக வேண்டிய கதை அதுதான் என்று டீச்சர் முடிவு செய்தார். தாளாளர் வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் கமாவைக் கூப்பிட்டனுப்பினார். டீச்சரும் கூடவே போனார்.

"கதை நல்லா எழுதப்பட்டிருக்கு," என்றார். "ஒரே ஒரு வரி மட்டும் மாற்றப்படணும். 'பூட்டப்படுகிறது'. நல்ல தமிழ்தானே அதுவும்?"

"நல்ல தமிழ்தான் சார். ஆனா அதுல நீங்க இல்லையே."

"இல்லாம இருக்கிறதுதாம்மா நல்லது."

"மாத்த மாட்டேன் சார்."

"மாற்றப்படலைன்னா உன்னோட இலவச இடம் மறுபரிசீலனை செய்யப்படும். வெள்ளிக்கிழமை வரைக்கும் அவகாசம் தரப்படுது."

"யார் மறுபரிசீலனை செய்வாங்க சார்?" என்றாள் கமா. வெளியே போகச் சொன்னார்கள். சொல்லப்பட்டது.

அந்தப் பிள்ளைக்கு அந்த இடம் போனால் வேறு இடம் இல்லை. அவளுக்கும் தெரியும், டீச்சருக்கும் தெரியும். டீச்சர், "வேணும்னா மாத்திடலாம்மா, ஒரு வரிதானே. உன் படிப்புதான் முக்கியம்" என்று என் ஸ்டூல் பக்கத்தில் வைத்துத்தான் சொன்னார். கமா டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒடுக்கு தானா விழுந்துச்சுன்னு எழுதவா டீச்சர்?"

டீச்சர் மூக்கைச் சிந்திக்கொண்டு வகுப்புக்குள் போய், கரும்பலகையில் 'செய்வினை' என்று முன்னைவிடப் பெரிதாக எழுதினார்.

அதைத்தான் முன்வாசலில் காரிலிருந்து இறங்கிய ஓர் அம்மா ஜன்னல் வழியே பார்த்துவிட்டார். நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு இலக்கணப் புத்தகத்தில் ஓர் அர்த்தம், அக்கம்பக்கத்தில் இன்னோர் அர்த்தம். வீட்டு வாசலில் எலுமிச்சம்பழம் கிடந்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வோமோ, அந்த அர்த்தம். மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது: கதை டீச்சர் பிள்ளைகளுக்குச் செய்வினை சொல்லித் தருகிறார்.

மறுநாள் தாளாளரின் மனைவி நேரே என்னிடம் வந்தார்.

"பெரியவரே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. டீச்சர் செய்வினை சொல்லித்தர்றது உண்மையா?"

"உண்மைதாம்மா. தினம் மத்தியானம் நடக்குது."

"ஐயையோ! பிள்ளைங்களுக்கு வருதா?"

"ஏன் வராது? எல்லாரும் சுத்தமா பண்றாங்க. கமான்னு ஒரு பொண்ணு, அவதான் முதல்."

"யார் பேர்ல பண்ணியிருக்கா?"

"ஐயா பேர்லதாம்மா. பின்வாசலை வச்சுப் பண்ணியிருக்கா."

அந்த அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "எடுக்க வழி இருக்கா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள எடுக்கச் சொல்லி ஐயாவே கேட்டுப் பார்த்தாரு. எடுக்க மாட்டேன்னுட்டா."

இதில் ஒரு சொல் பொய் இருந்தால் காட்டுங்கள்.

அன்று மாலை தாளாளருக்கு விக்கல் பிடித்தது. சாதாரண விக்கல் இல்லை. ஒவ்வொரு விக்கலுக்கும் முன்வாசல் தங்கமீன்கள் தொட்டிக்கு வெளியே எகிறிக் குதித்து மறுபடி உள்ளே விழுந்தன. தண்ணீர் குடித்தார், சர்க்கரை தின்றார், பள்ளிக் கணக்கைத் தணிக்கை செய்ய ஆள் வந்திருக்கிறார்கள் என்று சொல்லிப் பயமுறுத்திப் பார்த்தார்கள். நிற்கவில்லை. கடைசியில் கமாவையும் டீச்சரையும் கூப்பிட்டனுப்பினார்.

"அது... ஹிக்... எடுக்கப்படணும்."

"எடுக்க முடியாது சார்," என்றாள் கமா. "ஆனா ஒரு வழி இருக்கு. நீங்க பூட்டுறதை நிறுத்திட்டா அதுவே இறந்த காலம் ஆயிடும்."

"இறந்த... ஹிக்... யாரு இறந்த?"

"'பூட்டுகிறார்'ங்கிறது 'பூட்டினார்' ஆயிடும் சார். அவ்வளவுதான்."

டீச்சருக்கு அப்போதுதான் பொறி தட்டியது. பாவம், நேர்மையான பெண். செய்வினை என்றால் செய்கிறவன் முன்னால் வரும் வாக்கியம், எட்டாம் வகுப்பு இலக்கணம், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்று பொறுமையாக விளக்கிவிட்டார்.

தாளாளருக்கு விக்கல் சட்டென்று நின்றது. "ஓ, வெறும் இலக்கணமா?" என்று சிரித்தார். எலுமிச்சம்பழம் என்றால் பயப்பட்ட மனிதர், எழுவாய் என்றதும் பயத்தை விட்டுவிட்டார். அவர் செய்த தப்பே அதுதான்.

வெள்ளிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. அன்று மாலையே தகரக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது: 'ஒழுங்கின்மை காரணமாக எட்டாம் வகுப்பு மாணவி பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்.'

கமா அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று துண்டைத் தயாராக வைத்திருந்தேன். அவள் மேலே இருந்த பழைய பலகையைக் காட்டினாள்.

"தாத்தா, 'முதல் மணி அடிக்கப்பட்டதும்'னு இருக்கே, அதுக்குள்ள ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கார், பார்த்தீங்களா?"

"யாரும்மா?"

"நீங்கதான்."

எனக்கு வந்ததே கோபம்! இத்தனை வருடமாக என்னைக் கேட்காமல் ஒரு தகரக் கதவின் பலகைக்குள் என்னைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். சம்பளச் சீட்டில்கூட அதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை முனையில் பேருந்து திரும்பியது. காவலாளி சாவியோடு பின்வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் சுத்தியலை ஸ்டூலின் மேல் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

மணி அடித்தால்தானே பூட்டலாம்? காவலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பின்வாசல் பிள்ளைகள் ஓடாமல் நடந்து வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் எட்டாம் வகுப்பின் முன்வாசல் பிள்ளைகளும் காரிலிருந்து இறங்கி, மதிலைச் சுற்றி, குப்பைத் தொட்டியைத் தாண்டி வந்தார்கள். எல்லோரும் தகரக் கதவின் நிலைப்படியில் நின்றார்கள், கமா நடுவில்.

மணி அடிக்காததால் காலை நகரவில்லை. கொடிக்கம்பத்தின் நிழல் போட்ட இடத்திலேயே கிடந்தது. ஆசிரியர்கள் சாக்கட்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்கள். கேண்டீனில் பால் பொங்கி, விளிம்புவரை வந்து, வழிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. முன்வாசலில் கார் வரிசை நீண்டு நீண்டு, ஊரைச் சுற்றி வந்து, கடைசிக் கார் முதல் காரையே ஒலியெழுப்பி வழி கேட்டது. பிள்ளைகளைத் தேடிப் பெற்றோர்கள் எல்லாம் வாழ்க்கையில் முதல்முறையாகப் பின்வாசலுக்கு வந்தார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

தாளாளர் ஓடி வந்தார். "மணி ஏன் அடிக்கப்படலை?"

"யாரால ஐயா?" என்றேன்.

"உன்னாலதான்யா!"

"அப்ப செய்வினைல கேளுங்க."

பல்லைக் கடித்தார். "நீ ஏன்யா மணி அடிக்கலை?"

"நான் அடிக்கலை. அடிக்கவும் மாட்டேன். நான்தான். நல்லா எழுதிக்குங்க, எழுவாய் நான்."

டீச்சர் தகரக் கதவிலிருந்து அறிவிப்பைக் கிழித்து எடுத்து அவரிடம் நீட்டினார். "சார், இந்த வாக்கியம் முழுசா இல்ல. யார் நீக்கினாங்கன்னு சொல்லிடுங்க. 'நான் நீக்கினேன்'னு இத்தனை பேர் முன்னால நீங்க சொன்னா, இவ இப்பவே போயிடுவா. நானும் கூடப் போயிடுறேன்."

எட்டாம் வகுப்பு மொத்தமும் கேட்டது: "யார்?"

பெற்றோர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அப்பா, "சொல்லிடுங்களேன் சார், ஆபீசுக்கு நேரமாச்சு" என்றார்.

"ந..." என்றார் தாளாளர். "நா... ஹிக்."

உள்ளே தங்கமீன் துள்ளும் சத்தம் கேட்டது. மறுபடி முயன்றார். அவர் வாயில் அந்தச் சொல்லுக்கு இடமே இல்லை. பழகாத பல்செட் மாதிரி அது நாக்கில் மாட்டி, உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. "நிர்வாகத்தால்..." என்று ஆரம்பித்தார்.

"நிர்வாகம் யார் சார்?" என்றான் டிங்கர்.

தாளாளர் அறிவிப்பைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், காகிதத்தைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"மாணவி... ஹிக்... நீக்கப்படவில்லை. வாசல் திறந்தே வைக்கப்படும்."

தோற்கும்போதுகூட அவர் அந்த வாக்கியத்துக்குள் வரவில்லை.

"யார் திறந்து வைப்பாங்க?" என்றாள் கமா.

தாளாளர் அதற்குள் முன்வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

"அப்ப நாங்க திறக்குறோம்," என்றாள் கமா.

டிங்கர் பையிலிருந்து அப்பாவின் ஸ்பானரை எடுத்தான். முன்வாசல் பிள்ளைகள் ஒரு பக்கம் தாங்க, பின்வாசல் பிள்ளைகள் மறுபக்கம் தாங்க, கீல் ஒவ்வொன்றாகக் கழன்றது. தகரக் கதவை அதன் பலகையோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத் தொட்டிமேல் சாத்தினார்கள். காவலாளி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதனால் காது குடைந்துகொண்டார்.

கமா நிலைப்படியிலேயே உட்கார்ந்து கதையின் கடைசி வரியை எழுதினாள்: 'பின்வாசலை நாங்கள் கழற்றினோம்,'

"இப்பவாவது முற்றுப்புள்ளி வைக்கலாமே," என்றார் டீச்சர்.

"முன்வாசல் இன்னும் இருக்கே டீச்சர்."

நான் எழுந்து சுத்தியலை எடுத்தேன். கடைசிப் பிள்ளை உள்ளே வரும்வரை காத்திருந்து, என் வாழ்நாளில் அடிக்காத அடி ஒன்று அடித்தேன். நிழல் நகர்ந்தது, பால் வழிந்தது, எதிர்த்தெருத் துணிகள் உலர்ந்தன.

மிச்சப் பற்கள் மேல் ஆணையிட்டு இன்னும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: அந்தப் பள்ளிக்கூடத்தில் இருப்பது மின்சார மணி. கட்டிய நாளிலிருந்து நேரம் வந்தால் தானாகவே அடிக்கிறது. மணியடிக்க அங்கே ஆள் வைத்ததே கிடையாது.